உடைந்த ஓடையணையை எதனால் கட்டுவது?

மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பின் தன் காணியைப் பார்க்கத் திரும்பும் குடும்பம் முதலில் வீடு இருந்த இடத்தைப் பார்க்கிறது. அடுத்து வயலைப் பார்க்கிறது. அதன் பின்னரே ஓடைப் பக்கம் போகிறது. அங்கே தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வாய்க்காலும் பாதிக்குமேல் மிஞ்சியிருக்கிறது. ஓடையிலிருந்து தண்ணீரை வாய்க்காலுக்குத் திருப்பிய அணை மட்டும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழைக்குப் பின் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் மலைச்சரிவுகளில் பல கமக்காரக் குடும்பங்கள் இந்த நிலையில் நின்றன.

இதைப் பற்றிக் கூடிப் பேசும்போது முதலில் எழும் குரல் பெரும்பாலும் ஒன்றே: "இனி உடையாதபடி கொங்கிறீற்றில் கட்டித் தரச் சொல்லிக் கேட்போம்." கையில் இருந்ததெல்லாம் போனவர்கள் உறுதியான ஒன்றைக் கேட்பதில் தவறு இல்லை. ஆயினும் எதனால் கட்டுவது என்று தீர்மானிக்கு முன், பழைய அணை ஏன் உடைந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதைத் தெரியாமல் கட்டினால் முன்பு கல்லும் மண்ணும் போன அதே வழியில் அடுத்த மழைக்குச் சீமெந்தும் போகும்.

ஓடையணையின் வேலை

குளத்துக்கட்டு தண்ணீரைத் தேக்கிவைக்கிறது. ஓடையணை அப்படியல்ல. நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி, வேண்டிய நீரை வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் மேலாகப் போகவிடுவதே அதன் வேலை. மன்னாரில் அருவியாற்றுக்குக் குறுக்கே நிற்கும் தேக்கம் அணை கட்டுக்கரைக் குளத்துக்கு நீரைத் திருப்புவதும், மினிப்பே அணை மகாவலி நீரை வயல்களுக்குத் திருப்புவதும் இந்த முறையில்தான். சிங்களக் கமக்காரர் 'அமுன' என்று சொல்வதும் இதையே.

ஆனால் மலையோடை சமவெளி ஆற்றைப் போன்றது அல்ல. அது தண்ணீரோடு கற்களையும் மரங்களையும் கொண்டுவருகிறது. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்கு வரை கூடும் என்பது நீரியலில் பழைய விதி. கோடையில் கூழாங்கல்லைக்கூட அசைக்காத ஓடை, ஓர் இரவு மழையில் ஆளுயரப் பாறையை உருட்டுவது இதனால்தான்.

நமக்கு வேண்டிய நீர் எவ்வளவு என்பதையும் பார்ப்போம். நெல்லுக்கு ஓர் ஏக்கருக்கு, இடைவிடாது ஓடும் நீராக, வினாடிக்கு ஏறக்குறைய அரை லீற்றர் வேண்டும். மண்ணின் தன்மைக்கேற்ப இது கூடவும் குறையவும் செய்யும். மரக்கறிக்கு இதைவிடக் குறைவாகவே போதும். அப்படியானால் 10 ஏக்கருக்கு வினாடிக்கு 5 லீற்றர். வாய்க்கால் முகப்பில் 20 லீற்றர் வாளியைப் பிடித்தால் 4 வினாடியில் நிறைய வேண்டும். இவ்வளவு நீருக்காக ஓடை முழுவதையும் மறித்து உயர்ந்த சுவர் எழுப்பத் தேவையில்லை.

எதனால் உடைந்தது?

ஓடை தாழ்ந்திருக்கும் நாளில் நாலைந்து பேர் ஓர் அலவாங்கோடும் மண்வெட்டியோடும் இறங்கிப் பாருங்கள். ஊரின் முதியவர்களையும் கூட்டிச் செல்லுங்கள். அணைகள் பெரும்பாலும் நான்கு விதமாக உடைகின்றன.

1. கீழ்ப்புறம் குழி விழுதல். அணைக்கு மேலாக விழும் நீர் அதன் காலடியைத் தோண்டுகிறது. குழி ஆழமானதும் அணை முன்பக்கம் சாய்கிறது. உடைந்த துண்டுகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து கிடந்தால் இதுவே காரணமாக இருக்கலாம்.

2. பக்கத்தால் சுற்றிப் போதல். அணையின் நடுப்பகுதி அப்படியே நிற்கும். ஓடையோ கரையை அரித்துப் புது வழி எடுத்திருக்கும். அணையின் முனைகள் கரைக்குள் போதிய அளவு புதைக்கப்படாததே இதற்குக் காரணம்.

3. அடியால் ஊறுதல். அணைக்குக் கீழே மணலும் சல்லியுமாக இருந்தால் நீர் அதனூடே வழி கண்டு, நுண்ணிய மணலைச் சிறிது சிறிதாக இழுத்துச் செல்லும். ஒருநாள் அணை உட்கார்ந்துவிடும்.

4. கல்லும் மரமும் மோதுதல். அணையின் மேல்விளிம்பு பெயர்ந்திருக்கும், கம்பிகள் அறுந்திருக்கும்.

அலவாங்கால் குத்திப் பார்த்து, பாறை எவ்வளவு ஆழத்தில் கிடைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறிய உயரத்தை மரக்கிளையில் சிக்கிய சருகும் பொலித்தீனும் காட்டும். இந்த இரண்டு அளவுகளும் இல்லாமல் எந்த மதிப்பீட்டிலும் கையெழுத்திட வேண்டாம்.

ஐந்து வழிகள்

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் வேண்டும். ஓடையின் அகலம் 8 மீற்றர், பழைய அணையின் உயரம் 1 மீற்றர், பாயும் நிலம் 10 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். கீழே தரும் அளவுகள் எல்லாம் ஏறக்குறையவே.

முதல் வழி: கட்டையும் கல்லும். முளைக்கட்டைகளை அடித்து, கிளைகளைப் பின்னி, கற்களை அடுக்கி, இலையும் களிமண்ணும் கொண்டு அடைக்கும் பழைய முறை. காசுச் செலவு இல்லை. ஆனால் ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாகக் கட்டவேண்டும். இதிலும் ஒரு நன்மை உண்டு. பெருவெள்ளத்தில் இது முதலாவதாகப் போய்விடுவதால் கரை தப்புகிறது. தீமை என்னவென்றால், முளைக்காக வருடந்தோறும் மரம் வெட்டினால், கரையைப் பிடித்துவைத்திருக்கும் வேர்களையே நாம் அழிக்கிறோம்.

இரண்டாவது வழி: மணல் மூடை. ஒரு நாளில் தண்ணீரைத் திருப்பிவிடலாம். மூடையை முக்கால் பங்குக்குமேல் நிரப்பக் கூடாது. வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குவதுபோல் இணைப்புகள் மாறி வரும்படி அடுக்கவேண்டும். மேற்புறத்தில் பொலித்தீன் விரிப்பை இட்டால் ஒழுக்குக் குறையும். பிளாஸ்ரிக் இழைச் சாக்குகள் வெயிலில் சில மாதங்களிலேயே இற்றுப்போகும். ஆகவே இது ஒரு போகத்துக்கான வேலை. அதற்குமேல் இதிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. கிருமிநாசினி பட்ட சாக்குகளை ஓடையில் போடவேண்டாம். கீழே அந்த நீரைக் குடிப்பவர்கள் இருப்பார்கள்.

மூன்றாவது வழி: கம்பிக்கூடைக் கல்லணை. துத்தநாகம் பூசிய கம்பி வலையால் ஆன பெட்டிகளில் கல் நிரப்பி அடுக்குவது. வழக்கமான பெட்டி 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரம். நமது உதாரணத்துக்கு அணைக்கு 4, கீழே நீர் விழும் இடத்துக்கு 4 என 8 பெட்டிகள் வேண்டும். கல் 16 கனமீற்றர். வலையின் கண்ணைவிடப் பெரிய, கோணல்மாணலான கற்களைக் கையால் அடுக்கவேண்டும். கொட்டி நிரப்பினால் பெட்டி வயிறு தள்ளும். தரை சற்று இறங்கினாலும் இது வெடிக்காமல் வளைந்து கொடுக்கும். ஆகவே பாறை கிடைக்காத இடத்திலும், சரிவுக்குப்பின் மண் இன்னும் இருக்கை கொள்ளாத இடத்திலும் இது நல்லது. இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒழுகும், மேற்புறம் களிமண்ணாலோ விரிப்பாலோ அடைக்கவேண்டும். மற்றையது, உருண்டு வரும் கல் கம்பியை அறுக்கும். மேல்தளத்துக்குப் 10 சென்ரிமீற்றர் கொங்கிறீற்று இடுவது அதற்குக் காப்பு. கம்பி அறுந்தால் ஒரு குறடும் கட்டுக்கம்பியும் கொண்டு நாமே தைத்துக்கொள்ளலாம்.

நான்காவது வழி: சீமெந்துச் சாந்தில் கருங்கற்கட்டு. மேலே 60 சென்ரிமீற்றரும் அடியில் 1.2 மீற்றரும் அகலமான சுவர், அதற்கு அரை மீற்றர் ஆழ அத்திவாரம் என்று கொண்டால், மொத்தம் 13 கனமீற்றர் வரும். ஒன்றுக்கு ஐந்து கலவையில் 50 கிலோ சீமெந்து மூடை 28 அளவில் வேண்டும். கல் ஓடையிலேயே இருக்கிறது. ஊர் மேசன்மாரின் கைக்குப் பழகிய வேலை. பாறைமேல் கட்டினால் பல வருடம் நிற்கும். பாறையைச் சுரண்டிக் கழுவி, துளையிட்டு இரும்புக் கம்பிகளைச் சீமெந்தில் நட்டு, அதன்மேல் கட்டவேண்டும். கட்டி முடித்தபின் குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். மணல்மேல் கட்டினால் மேலே சொன்ன மூன்றாவது காரணத்தால் வெடித்து இறங்கும்.

ஐந்தாவது வழி: கொங்கிறீற்று. அதே அளவுச் சுவரை 1:3:6 கலவையில் வார்த்தால் 55 மூடைக்கு மேல் போகும். 1:2:4 என்றால் 80 மூடையைத் தாண்டும். பெரிய கற்களைக் கலவையில் புதைத்து வார்த்தால் சீமெந்து ஓரளவு குறையும். அச்சுப் பலகை, சல்லி, மணல் எல்லாம் தலைச்சுமையாக வரவேண்டும். கல் மோதுவதை இது நன்றாகத் தாங்கும். ஆனால் அடியில் குழி விழுந்தால் ஒரே துண்டாகக் கவிழும். கவிழ்ந்ததைத் திருத்த முடியாது; புதிதாகத்தான் கட்டவேண்டும்.

இவற்றைவிட வேறொரு முறையும் உண்டு. ஐரோப்பாவில் அல்ப்ஸ் மலையின் திரோல் பகுதியின் பெயரால் அது வழங்குகிறது. ஓடையின் அடியில் குறுக்காக ஒரு கானை அமைத்து, அதன்மேல் இரும்புக் கம்பித்தட்டைச் சரிவாகப் பதிப்பார்கள். நீர் கம்பிகளுக்கு இடையால் கானுக்குள் விழும். கற்கள் மேலாக உருண்டு போய்விடும். செங்குத்தான ஓடைக்கு ஏற்றது. ஆனால் சருகு அடைக்கும்போதெல்லாம் துப்புரவு செய்ய ஆள் வேண்டும். மணல் படிய ஒரு தொட்டியும் வேண்டும். மழைக்காலத்தில் ஓடைக்கு நாள்தோறும் போய்வர முடியாத குடும்பங்கள் இதைத் தெரிந்தெடுக்க வேண்டாம்.

உயரத்தைக் குறைக்க முடியுமா?

பொருளைத் தீர்மானிக்கு முன் கேட்கவேண்டிய கேள்வி இது. ஒரு மீற்றர் ஆழ நீர், அணையின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தையும் 500 கிலோ எடைக்குச் சமமான பலத்தோடு தள்ளுகிறது. ஆழம் 2 மீற்றரானால் அது 2,000 கிலோ. உயரம் இரண்டு மடங்கானால் தள்ளுவிசை நான்கு மடங்கு. அதேபோல உயரத்தைப் பாதியாக்கினால் தள்ளுவிசை கால்வாசியாகும்.

மலையோடை சரிவானது என்பது இங்கே நமக்கு உதவுகிறது. ஓடை 20 மீற்றருக்கு 1 மீற்றர் இறங்குகிறது என்றால், பழைய இடத்திலிருந்து 10 மீற்றர் மேலே போனாலே அரை மீற்றர் உயரம் கிடைத்துவிடும். அங்கே 1 மீற்றர் அணைக்குப் பதிலாக அரை மீற்றர் அணை போதும். வாய்க்காலை மட்டும் 10 மீற்றர் நீட்டவேண்டும். கருங்கற்கட்டில் அந்தக் குட்டை அணைக்கு 6 கனமீற்றருக்கும் குறைவாகவே வரும். சீமெந்து 28 மூடையிலிருந்து 13 மூடையாகக் குறையும். குட்டை அணையின்மேல் விழும் நீரின் வேகமும் குறைவு. ஆகவே குழியும் சிறிதாகவே விழும். மேலே போகும் இடத்தில் பாறையும் தெரிந்தால், அதைவிட நல்ல இடம் வேறில்லை.

எந்த முறையில் கட்டினாலும் மூன்று காரியங்களை விடக் கூடாது. முனைகளை இரு கரைகளுக்குள்ளும் குறைந்தது ஒரு மீற்றர் புதைக்கவேண்டும். நீர் விழும் இடத்தில் பெரிய கற்களை நெருக்கமாகப் பதிக்கவேண்டும். வாய்க்கால் முகப்புக்கு அருகே, பலகை போட்டு எடுக்கக்கூடிய ஒரு திறப்பை விடவேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பலகையை எடுத்துவிட்டால் சேர்ந்த மண்ணை ஓடை தானே கழுவிச் செல்லும்.

சிரமதானத்தின் கணக்கு

திட்டப் படிவங்களில் 'மக்கள் பங்களிப்பு: சிரமதானம்' என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். அந்த வரிக்குப் பின்னால் எவ்வளவு சுமை இருக்கிறது என்று பார்ப்பதில்லை. எட்டுக் கம்பிக்கூடைகளை நிரப்பும் கல் 27 தொன் அளவில் வரும். ஒருவர் ஒரு நடைக்கு 20 கிலோ சுமந்தால் 1,350 நடை. ஒரு மீற்றர் கருங்கற்கட்டுக்கும் ஏறக்குறைய இதே சுமைதான். குட்டை அணைக்கு அதில் பாதிக்கும் குறைவு.

சுமப்பவர் யார்? உறவினர் வீட்டிலோ தற்காலிகக் கொட்டிலிலோ இருக்கும் குடும்பத்தில் கூலிக்குப் போகிறவர் போகாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே கல் சுமக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள்மேல் விழுகிறது. சிரமதானத்துக்குக் கொடுக்கும் ஒரு நாள் இழந்த ஒரு நாட்கூலி. இதை வெளிப்படையாகக் கணக்கில் எழுதவேண்டும். நிதி தருகிறவர்களிடம் சீமெந்தைக் கேட்பதுபோல, வேலைநாட்களுக்கான உணவையோ கூலியின் ஒரு பங்கையோ கேட்பதில் வெட்கம் இல்லை. எந்த முறை நல்லது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் சுமக்கப்போகிற பெண்களும் இருக்கவேண்டும்.

எந்த ஒழுங்கில் செய்வது?

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது: அந்தக் காணியில் நாம் இருப்போமா? 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. சரிவு அபாயத்தைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. குடியிருக்க முடியுமா, பயிர் செய்ய முடியுமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீடு கட்டக்கூடாத சரிவுக்குக் கீழே பயிர் செய்ய அனுமதி கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். பதில் வரும்வரை நிரந்தரக் கட்டுக்குச் சீமெந்து இறக்கவேண்டாம்.

அதுவரை வயல் காயவேண்டும் என்பதில்லை. முதல் போகத்துக்குக் கல்லும் மணல் மூடையும் போதும். தண்ணீர் வரட்டும், ஒரு விளைச்சல் எடுக்கட்டும். அந்த மழைக்காலம் முழுவதும் ஓடையைக் கவனியுங்கள்: எங்கே மோதுகிறது, எங்கே மண் சேர்கிறது, எந்தக் கரையை அரிக்கிறது என்று குறித்துவையுங்கள். சரிவுக்குப்பின் ஓடை ஓரிரு மழைக்காலம் தன் வழியை மாற்றிக்கொண்டே இருக்கும். அது அடங்கியபின், வறண்ட மாதத்தில் நிரந்தர வேலையைத் தொடங்கலாம். பாறை இருந்தால் குட்டையான கருங்கற்கட்டு. பாறை இல்லாவிட்டால் மேல்தளம் பூசிய கம்பிக்கூடை. ஒரு மீற்றருக்கு மேற்பட்ட உயரம் தவிர்க்க முடியாததானால், அல்லது அணைக்குக் கீழே வீடுகள் இருந்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் வரைபடம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது.

200 ஏக்கருக்குக் குறைந்த நிலத்துக்குப் பாயும் சிறு நீர்ப்பாசன வேலைகள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பில் வருகின்றன. ஆகவே முதலில் போகவேண்டிய இடம் உங்கள் கமநல சேவை நிலையம். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்கீழ் பதிவான கமக்காரர் அமைப்பின் மூலம் கேட்டால் வேலை எளிதாகும். குடும்பங்கள் சிதறியிருந்தால் அமைப்பை மீண்டும் கூட்டுவதே முதல் வேலை. அணையை மேலே நகர்த்துவதானால் கீழ்ப்புறத்தில் நீர் எடுப்பவர்களோடு முன்கூட்டியே பேசுங்கள். அவர்கள் வேறு ஊரவராய் இருக்கலாம், வேறு மொழி பேசுபவராயும் இருக்கலாம். வறண்ட மாதத்தில் அவர்களுக்கு எவ்வளவு நீர் விடுவது என்று சேர்ந்து தீர்மானித்துக் கையெழுத்திட்ட தாள் அணைக்கு நல்ல காவல்.

வேலை நடக்கும் நாட்களில் ஒருவரை மேலே நிறுத்துங்கள். இங்கே வெயில் இருக்க, மலையுச்சியில் மழை பெய்து ஓடை திடீரென ஏறலாம்.

பாறைமேல் வீடு கட்டியவனையும் மணல்மேல் கட்டியவனையும் பற்றி ஆண்டவர் சொன்ன உவமை நமக்குத் தெரியும். நெகேமியாவின் நூலில் வரும் இன்னொரு காட்சியையும் நினைத்துப் பார்க்கலாம். அங்கே சிறையிருப்பிலிருந்து திரும்பிய மக்கள் இடிந்த மதிலைக் கட்டும்போது, குடும்பம் குடும்பமாக ஒவ்வொரு பகுதியைப் பொறுப்பேற்கிறார்கள். பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதியைக் கட்டுகிறார்கள். அடுத்த வெள்ளத்தில் நமது அணையிலும் நாலு கல் பெயரும். அப்போது வெளியிலிருந்து யாரும் வருமுன் நமது கைகளால், நமது கருவிகளால் அதைத் திருத்த முடியுமா என்று பார்த்தே முறையைத் தெரிவு செய்வோம்.

கூட்டத்தில் கலந்துரையாட

1. நமது அணை நான்கு காரணங்களில் எதனால் உடைந்தது? பார்த்தவர் யார்?
2. பாறை எத்தனை அடியில் இருக்கிறது? வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது?
3. அணையை மேலே நகர்த்தி உயரத்தைக் குறைக்க இடம் உண்டா?
4. ஒவ்வொரு குடும்பமும் எத்தனை வேலைநாள் தர முடியும்? அந்த நாட்களில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வழி என்ன?
5. கட்டியபின் பலகை எடுக்கவும் மண் வாரவும் கம்பி தைக்கவும் பொறுப்பு யாருக்கு?